ஒட்டுண்ணிக் குளவிகள்: அட்டை வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைக் கொல்லும் சிறு குளவிகள் காகித அட்டையில் வளர்ந்து வரும்; அதுதான் ஒட்டுண்ணி அட்டை. எங்கள் உழவர் குழுவுக்கு அதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நெல், கரும்பு, தென்னை, மரவள்ளி என்று பயிர் மாறினாலும் கேட்கும் சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதிவைத்தேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை, பேச்சு வழக்கை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

குளவி என்றாலே கொட்டும். அதைக் காசு கொடுத்து வாங்கி வயலில் விடச் சொல்கிறீர்களா?

உங்கள் மனதில் இருப்பது ஓட்டு வீட்டு இறவாணத்தில் கூடு கட்டும் செங்குளவி. நான் தருவது அதன் தூரத்து உறவு. டிரைக்கோகிரம்மா என்று பெயர். உடல் நீளம் அரை மில்லிமீட்டர் அளவுதான். வெள்ளைத் தாளில் ஊர்ந்தால் தூசி நகர்கிறது என்று நினைப்பீர்கள். மனிதத் தோலைத் துளைக்க அதனால் முடியாது.

வாலில் ஊசி இருப்பது உண்மை. அது முட்டையிடுவதற்கு. செங்குளவியின் கொடுக்கும் ஆதியில் முட்டையிடும் ஊசியாக இருந்து மாறியதுதான். அதனால்தான் குளவியிலும் தேனீயிலும் ஆண் கொட்டுவதில்லை.

ஒட்டுண்ணி என்றால் பேன், உண்ணி போலத்தானே? மாட்டில் ஒட்டும் உண்ணி மாட்டைக் கொல்வதில்லையே?

நல்ல கேள்வி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. உண்ணி தன்னைத் தாங்கும் உயிரைச் சாகவிடாது. மாடு செத்தால் அதற்கும் சாப்பாடு போய்விடும். ஒட்டுண்ணிக் குளவி அப்படியில்லை. தாய்க்குளவி, தீமை செய்யும் பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ கூட்டுப்புழுவிலோ தன் முட்டையை வைக்கிறது. பொரிந்து வரும் குஞ்சு அந்த ஓர் உயிரைத் தின்றே வளர்ந்து முடிக்கிறது. அது வளர்ந்து வெளியே வந்தால் மற்றது செத்தது என்று பொருள்.

பொறிவண்டு, சிலந்தி போன்றவை இரைவிழுங்கிகள். ஒன்றே பலவற்றைப் பிடித்துத் தின்னும். குளவிக்குஞ்சு ஒன்றைத்தான் தின்னும். ஆனால் தாய் பல டஜன் உயிர்களைத் தேடிப்போய் முட்டை வைக்கும்.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியாக்கிவிடும் என்று எங்கள் பாட்டி சொல்வார். அதுதானா இது?

பாட்டி கண்டது பொய்யில்லை. சொன்ன காரணம்தான் வேறு. மண்கூடு கட்டும் வேட்டுவாளிக் குளவி பச்சைப்புழுவைக் கொட்டி மயக்கித் தூக்கிவந்து கூட்டில் வைத்து, கூடவே ஒரு முட்டையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்துவிடுகிறது. சில வாரம் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இடையில் நடந்ததைப் பார்க்காதவர்களுக்குப் புழுவே குளவியானது போலத்தான் தோன்றும். குருவை நினைத்து நினைத்துச் சீடன் குருவாவதற்கு இதைத்தான் உவமையாகச் சொன்னார்கள்.

நாம் வயலில் விடும் குளவிகள் கூடு கட்டுவதும் இல்லை, புழுவைத் தூக்கிப்போவதும் இல்லை. இருக்கும் இடத்திலேயே காரியத்தை முடித்துவிடுகின்றன. அடிப்படைச் சூத்திரம் மட்டும் ஒன்றுதான்.

அட்டையில் கருப்பாக, கசகசா ஒட்டியது போல இருக்கிறதே, அது என்ன? குளவியின் முட்டையா?

இல்லை. அவை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். வீட்டில் பழைய அரிசியிலும் ரவையிலும் நூல் கட்டிக் கெடுக்குமே, அதே அந்து. ஆய்வகத்தில் உடைத்த கம்பில் அதை வளர்த்து, முட்டைகளைச் சேகரித்து, பொரிந்து புழுவாகாதபடி புற ஊதா விளக்கில் காட்டி, பசை தடவிய அட்டையில் தூவுவார்கள். பிறகு குளவியை விட்டு ஒவ்வொரு முட்டைக்குள்ளும் அதன் முட்டையை இட வைப்பார்கள். மூன்று நான்கு நாளில் அந்து முட்டை கருக்கும். உள்ளே குளவி வளர்கிறது என்பதற்கு அந்தக் கருமைதான் அடையாளம். வெள்ளையாகவே இருக்கும் அட்டையை வாங்காதீர்கள்.

ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள் இருக்கும். சிசி என்பது முட்டையின் அளவே தவிர அட்டையின் அளவு அல்ல. குளவியின் முட்டைப் பருவத்திலிருந்து வளர்ந்த குளவி வரை நம் ஊர்ச் சூட்டில் எட்டுப் பத்து நாள்தான் கணக்கு. ஆகவே கருத்த அட்டை என்பது சில நாளில் வெடிக்கப்போகும் சரக்கு. ஒருமுறை அட்டையை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். சாப்பிட்டுத் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே அடுப்பு போலக் கொதித்தது. அந்த அட்டையிலிருந்து ஒரு குளவிகூட வரவில்லை; நான்கு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

எத்தனை அட்டை, எப்போது, எங்கே கட்டுவது?

நெல்லில் குருத்துப்பூச்சிக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் என்ற வகை: ஏக்கருக்கு 2 சிசி வீதம் நடவு செய்த 30, 37 ஆம் நாள்களில். இலைச்சுருட்டுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ்: அதே அளவு, 37, 44, 51 ஆம் நாள்களில். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கும் கைலோனிஸ்தான்: ஏக்கருக்கு 1 சிசி, நான்காம் மாதம் தொடங்கி 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை. நாள் கணக்கைவிட வயலில் அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கியதா என்பது முக்கியம். விளக்குப்பொறி வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம்.

அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வயல் முழுவதும் பரவலாக, இலையின் அடிப்பக்கத்தில் பின் அடித்துக் குத்துங்கள். வெயிலும் மழையும் நேராகப் படக் கூடாது. குளவிகள் பெரும்பாலும் அதிகாலையில்தான் வெளிவரும். முந்தின நாள் மாலையில் கட்டுவது நல்லது. எறும்பு இருக்கும் இடத்தில் கட்டினால் எறும்புக்கு விருந்து வைத்ததாக ஆகும். அன்று கட்ட முடியவில்லை என்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு நாள் வைக்கலாம். உறைபகுதியில் வைத்தால் செத்துவிடும்.

அட்டை கட்டி நான்கு நாள் ஆகிறது. புழு ஒன்றுகூடச் சாகவில்லை. ஏமாற்றுகிறீர்களா?

இந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி. பிறந்துவிட்ட புழுவை அது ஏறெடுத்தும் பார்க்காது. புழு தண்டுக்குள் புகுந்து, மணியில்லாத வெண்கதிர் வந்த பிறகு அட்டை கட்டுவது, வெள்ளம் வந்த பிறகு கரையை உயர்த்துவது போன்றது. அட்டையால் கிடைக்கும் பலன், பிறந்திருக்க வேண்டிய புழு பிறக்காமல் போவது. பிறக்காத புழுவை யாராலும் எண்ண முடியாது என்பதால் இதன் மதிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மருந்துக்கடைக்காரருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர் கொடுத்ததை அடித்தால் மாலைக்குள் புழு தரையில் விழுந்து கிடக்கும்.

பின்னே வேலை செய்தது என்று நான் எதை வைத்து நம்புவது?

கட்டிய அட்டையை வீசிவிடாமல் ஐந்தாறு நாள் கழித்து ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். கருத்த முட்டைகளில் ஊசிமுனைத் துளை இருந்தால் குளவி வெளியேறியிருக்கிறது. அடுத்து வயலில் பூச்சி இட்ட முட்டைகளைத் தேடுங்கள். கரும்பு இலையில் இடைக்கணுப் புழுவின் முட்டைகள் கருத்திருந்தால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: வயலின் ஒரு மூலையில் அட்டை கட்டாமல் விட்டு, அறுவடையின்போது இரண்டு பக்கத்துக் கரும்பையும் பிளந்து பாருங்கள்.

அசுவினி, மாவுப்பூச்சி போன்றவற்றில் அடையாளம் வேறு. ஒட்டுண்ணி உள்ளே போன அசுவினி உப்பி, பழுப்பாகி, இலையில் ஒட்டிய கூடு போல நிற்கும். முதுகில் வட்டமாக ஒரு மூடி திறந்திருந்தால் குளவி போய்விட்டது. அந்த இலையைப் பறித்து எரிக்காதீர்கள்.

தென்னைக்கும் இதே அட்டையைக் கட்டலாமா?

கூடாது. தென்னைக் கருந்தலைப் புழுவுக்குக் கோனியோசஸ் நெபாண்டிடிஸ் என்ற வேறு குளவி. எறும்பு அளவில் கருப்பாக இருக்கும். பெத்திலிட் என்று அலுவலர்கள் சொல்வது இதைத்தான். அட்டையில் அல்ல, குளவியாகவே புட்டியில் வரும். எக்டேருக்கு 3,000 என்பது பரிந்துரை.

இதன் தாய்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலைக்கடியில் எச்சமும் நூலும் சேர்த்துப் புழு கட்டிய குகைக்குள் தானே நுழைந்து, புழுவைக் கொட்டிச் செயலிழக்க வைத்து, உடம்பின் மேலே வரிசையாக முட்டைகளை இடும். பிறகு போய்விடாது. குஞ்சுகள் வளர்ந்து கூடு கட்டும் வரை அங்கேயே காவல் இருக்கும். வேறு கோனியோசஸ் வந்தால் சண்டை போடும். பூச்சி உலகில் இது அரிய பழக்கம்.

மரத்தின் கொண்டையில் விடாதீர்கள். அங்கே சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் காத்திருக்கும். மரத்தடியில் விட்டால் அதுவே புழுவின் எச்ச வாசனையைப் பிடித்து மேலேறும். கூட்டுப்புழு நிறைந்த நேரத்தில் இதை விடுவதில் பயனில்லை. புழுப் பருவத்துக்குத்தான் இது.

அட்டையும் கட்டி, கைகாவலுக்கு மருந்தும் அடித்தால் இரட்டைப் பலன்தானே?

இரட்டைச் செலவு, பலன் பாதி. புழு தண்டுக்குள் ஒளிந்திருக்கிறது, குளவி வெளியே பறக்கிறது. மருந்து முதலில் யார்மேல் படும்? அட்டை கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் பூச்சிமருந்து வேண்டாம். பூஞ்சைக்குத் தூவும் கந்தகத்தைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதுவும் டிரைக்கோகிரம்மாவுக்கு ஆகாது. வேப்பங்கொட்டைச் சாறு ஒப்பீட்டளவில் மென்மையானது, ஆனாலும் ஒரே நாளில் இரண்டையும் செய்யாதீர்கள்.

2016 இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது நினைவிருக்கும். ஓலை முழுக்கக் கரும்பூசணம் படிந்து பதறிய காலம். அந்த ஈயை அடக்கும் என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவி இங்கேயே காணப்பட்டது. யாரும் இறக்குமதி செய்யவில்லை. மருந்து அடிக்காத தோப்புகளில் அது பெருகியது. அதனால்தான் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், குளவி இருக்கும் ஓலைத்துண்டை இல்லாத தோப்பில் கட்டுங்கள் என்று பரிந்துரைத்தார்கள்.

ஒவ்வொரு போகத்துக்கும் வாங்கச் சொல்கிறீர்கள். ஒருமுறை விட்டால் அதுவே பெருகிக்கொள்ளாதா?

பெருகும் குளவியும் உண்டு. அட்டையில் வரும் டிரைக்கோகிரம்மா சில நாளே வாழும். அறுவடை முடிந்து வயல் காலியானால் முட்டையிட இடமில்லாமல் போகும். இதைக் கூலிப்படை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வகை குடியேற்றம். வேற்று நாட்டிலிருந்து ஒரு பூச்சி தன் எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு இங்கே வந்து தலைவிரித்து ஆடும்போது, அந்த எதிரியையும் தேடிக் கொண்டுவந்து விடுவது.

இதற்கு நம் கண்முன் நடந்த சாட்சி பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2008 இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, பருத்தி, பார்த்தீனியம் என்று எதிலும் ஏறியது. பஞ்சு போன்ற மெழுகுப் போர்வைக்குள் இருப்பதால் மருந்து ஒட்டவே இல்லை. பட்டு வளர்த்தவர்கள் மல்பெரிக்கு மருந்து அடிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் தோட்டத்தையே பிடுங்கிப் போட்டார்கள். 2010 இல், இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என வழங்கும் பெங்களூரு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. சோதனைகளை முடித்து, அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். மூன்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற மஞ்சள் நிறக் குளவிதான் சாதித்தது. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இன்றும் இரண்டும் இருக்கின்றன. தேடிப் பார்த்தால்தான் தெரியும். இலங்கையும் அதே குளவியைத்தான் கொண்டுவந்தது.

மரவள்ளிக்கு இதைவிடப் பெரிய கதை ஆப்பிரிக்காவில் நடந்தது. 1970களில் தென் அமெரிக்காவிலிருந்து போய்ச் சேர்ந்த மாவுப்பூச்சி, கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவான மரவள்ளியை அழித்தது. பராகுவேயில் கண்டெடுத்த அனகைரஸ் லோபெசி என்ற குளவியை 1981 முதல் நைஜீரியாவில் தொடங்கி நாடு நாடாக விட்டார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2020 இல் கேரளத்தில் தெரிந்து சேலம், நாமக்கல் பக்கம் பரவியபோது, ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அதே குளவி நமக்கும் வந்தது. 2022 இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

வெளிநாட்டுக் குளவியை விட்டுவிட்டு, அது நாளைக்கு வேறு எதையாவது தின்னத் தொடங்கினால்?

இந்தப் பயம் வேண்டும். 1906 இல் அமெரிக்காவில் ஜிப்சி அந்துவை அடக்க ஐரோப்பாவிலிருந்து கம்சிலூரா என்ற ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்தார்கள். அது நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் புழுக்களைத் தாக்கக்கூடியது. உள்ளூர்ப் பெரிய பட்டு அந்துகள் குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னால் கண்டார்கள். எதை வேண்டுமானாலும் தாக்கும் உயிரைத் தேர்ந்தெடுத்ததுதான் பிழை.

அதனால்தான் இப்போது தனிமைப்படுத்திய ஆய்வகத்தில் வைத்து, நமக்கு வேண்டிய உயிர்களின்மேல் விட்டுப் பார்த்து, அரசு அனுமதி கிடைத்த பிறகே வெளியே விடுகிறார்கள். மேலே சொன்ன மாவுப்பூச்சிக் குளவிகள் சாப்பாட்டில் மிகவும் பிடிவாதக்காரர்கள். நீங்களோ நானோ பயணப் பையில் கொண்டுவந்து விடும் காரியம் இல்லை இது.

எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். பக்கத்து வயலில் அட்டை கட்டினால் எங்களுக்கு ஆபத்தா?

டிரைக்கோகிரம்மாவால் உங்கள் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. காரணம் நான்காம் நாள் சண்டைக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது. பட்டுப்புழுவைத் தாக்குவது ஊசி ஈ. அந்த ஈயின் கூட்டுப்புழுவைக் கொல்ல நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற குளவியைப் பட்டு வளர்ப்பு மனைகளில் விடுகிறார்கள். ஆக, உங்கள் வீட்டுக்கும் ஒரு குளவி காவல்.

புழுவின் உடம்புக்குள் வேற்று முட்டை போனால் அந்த உடம்பு சும்மா இருக்குமா?

இருக்காது. புழுவின் இரத்த அணுக்கள் சூழ்ந்துகொண்டு அந்நிய முட்டையைப் பொதிந்து மூச்சடைத்துக் கொல்லும். இதற்குக் கொடேசியா போன்ற குளவிகள் கண்டுபிடித்த தந்திரம் எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை. முட்டையோடு சேர்த்து வைரஸ் துகள்களையும் ஊசியால் செலுத்துகின்றன. அந்த வைரஸ் புழுவின் அணுக்களை முடக்கிவிடும். அதன் மரபணுக்கள் குளவியின் மரபணுவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு மூதாதைக் குளவிக்குத் தொற்றிய வைரஸ், நோயாக வந்து ஆயுதமாகத் தங்கிவிட்டது.

டிரைக்கோகிரம்மாவுக்கு இந்தப் பாடு கிடையாது. இளமுட்டைக்கு எதிர்க்கும் திறன் ஏறத்தாழ இல்லை. கோனியோசஸ் புழுவின் உடம்புக்கு வெளியே முட்டை வைப்பதால் அதுவும் தப்பித்துக்கொள்கிறது.

ஓர் உயிரை உயிரோடு உள்ளிருந்து தின்ன வைப்பது பாவமில்லையா?

கேட்டவர் எங்கள் ஊர்க் கோயில் பூசாரி. சார்லஸ் டார்வினையும் இதே கேள்வி அலைக்கழித்தது. உயிருள்ள புழுவுக்குள் தின்று வளரும் இந்தக் குளவிகளை அன்புள்ள கடவுள் நினைத்துப் படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்று 1860 இல் ஆசா கிரே என்ற நண்பருக்குக் கடிதம் எழுதினார். நான் பூசாரியிடம் சொன்னது, நாம் விடாவிட்டாலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை மட்டுமே. அவர் சமாதானமாகவில்லை. அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

குளவி இவ்வளவு கெட்டி என்றால் எல்லாப் பூச்சிக்கும் இதையே விடலாமே?

முடியாது. காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் என்னிடம் அட்டை கேட்காதீர்கள். என்னிடம் மட்டுமல்ல, எங்கும் கிடையாது. ஏற்கெனவே பெருகி வயல் காயும் நிலையில் இருந்தாலும் குளவியை நம்பி உட்காராதீர்கள்.

நெல் குருத்துப்பூச்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. அது முட்டைகளைக் குவியலாக இட்டு மயிரால் மூடிவிடும். அடியில் இருக்கும் முட்டைகளை டிரைக்கோகிரம்மாவால் எட்ட முடியாது. டெட்ராஸ்டிகஸ், டெலினோமஸ் என்ற குளவிகள் வயலில் தாமாகவே வந்து அதைச் சமாளிக்கின்றன. ஆகவே நாற்று நுனியைக் கிள்ளிச் சேர்த்த முட்டைக் குவியல்களைக் கொளுத்தாமல், வயலிலேயே சிறு மூங்கில் கூண்டில் போட்டு வையுங்கள். பொரியும் புழு பயிரை எட்டாது. குளவி பறந்து போய்விடும்.

நம் வயலிலேயே குளவி தங்குவதற்கு ஏதாவது செய்யலாமா?

குஞ்சுக்குத்தான் புழு. வளர்ந்த குளவி தேன் குடிக்கும். தேன் கிடைத்தால் கூடுதல் நாள் வாழும், கூடுதல் முட்டை இடும். வரப்பில் எள், தட்டைப்பயறு, உளுந்து, சூரியகாந்தி போடுங்கள். காய்கறித் தோட்டத்தில் நாலு கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். சின்னப் பூ சின்ன வாய்க்கு ஏற்றது. வரப்பைப் பளிங்கு போலச் செதுக்கி வைப்பதை நாம் சுறுசுறுப்பு என்று நினைக்கிறோம். குளவிக்கு அது பாலைவனம்.

அட்டையில் ஆணும் பெண்ணும் சரிபாதியாக இருக்கிறதா? பெண் மட்டும் வந்து ஆண் வராவிட்டால்?

இதைக் கேட்டவர் கல்லூரி மாணவி. பத்து ஆண்டுகளில் ஒருவர்தான் கேட்டிருக்கிறார். குளவியில், கருவுறாத முட்டை ஆணாகும்; கருவுற்றது பெண்ணாகும். ஆணே கிடைக்காத தாய்க்கும் பிள்ளை உண்டு, எல்லாம் ஆணாக இருக்கும். தாய் எந்த முட்டைக்கு விந்தைச் சேர்ப்பது என்று அவ்வப்போது தீர்மானிக்கிறது; பொதுவாகப் பெண்ணையே அதிகம் இடும். அட்டையில் ஆண்கள் சற்று முன்னால் வெளிவந்து அங்கேயே காத்திருக்கின்றன. பெண்கள் பெரும்பாலும் அட்டையைவிட்டுப் போகுமுன்பே இணைசேர்ந்துவிடும்.

இத்தனை சிறிய பூச்சி, ஏக்கர் கணக்கான வயலில் ஒரு முட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூக்கால், அதாவது உணர்கொம்பால். அந்துப்பூச்சி முட்டையிடும்போது இறகிலிருந்து உதிரும் செதில்களின் வாசனையைப் பிடிக்கும். புழு கடித்த செடி வெளிவிடும் மணம் தனி. மக்காச்சோளத்தில் அந்த மணமே சில குளவிகளை வரவழைக்கிறது என்று 1990 இல் நிறுவினார்கள். சில டிரைக்கோகிரம்மா வகைகள் இன்னும் சாமர்த்தியம்: முட்டையிடப் போகும் பெண் வண்ணத்துப்பூச்சியின் மேலேயே ஏறிக்கொண்டு பயணம் செய்து, அது முட்டையிட்டவுடன் இறங்கிவிடும்.

முட்டையை அடைந்ததும் மேலே ஏறி நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டி அதன் பருமனை அளக்கும். அந்த அளவை வைத்துத்தான் உள்ளே எத்தனை முட்டை வைப்பது என்று முடிவு செய்கிறது. ஏற்கெனவே வேறு குளவி வந்துபோயிருந்தால் பெரும்பாலும் கண்டுபிடித்து விலகிப்போகும். அடுத்த முறை அட்டை வாங்கும்போது ஒரு துண்டைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, பஞ்சால் வாயை அடைத்து, விடியற்காலையில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பூதக்கண்ணாடி வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.